ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி

தாடையை அந்தக் கறுப்பு ரப்பர் கிண்ணத்தில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டிக்கொண்ட பிறகு தலையை அசைக்கக் கூடாது என்று, இன்ஜினியரிங் காலேஜிலிருந்து கருவியோடு வந்திருந்த நிக்சன் சொன்னான். இதைத்தானே இத்தனை வருஷமாக எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், தலையை ஆட்டாதே, வாயைத் திறக்காதே, உட்கார்ந்து பார் என்று, கடைசியில் அதற்கென்று ஒரு கருவியே செய்துவிட்டார்களா என்று கேட்கச் செண்பகவல்லிக்கு நாக்கு துடித்தது. "பேசாதீங்க மேடம், பேசினா கண்ணு விட்டுப்போகுது," என்றான் அவன், அவள் கேட்பதற்கு முன்பே, பக்கத்து மேசையில் இருந்த லேப்டாப்பைப் பார்த்தபடி. கண் விட்டுப்போகுதாம். அவளுடைய கண் அங்கே அவன் திரையில் தனியாக, முகம் இல்லாமல், மூக்கு இல்லாமல், முக்கியமாக வாய் இல்லாமல் நீந்திக்கொண்டிருக்கும். அவள் முன்னால் இருந்த பெரிய திரைக்கு அடியில் டஸ்டர் அளவுக்கு ஒரு கேமரா, அதற்குள் அணையாத கங்கு மாதிரி ஒரு சிவப்பு. காலையில் இட்டிருந்த கண்மையை முதலில் துடைத்துவிட்டு வரச் சொன்னான், மை இருந்தால் எது இமை எது பாவை என்று மெஷினுக்குத் தெரியாதாம், மை இடாத ஊரிலா இதைச் செய்தார்கள் என்று அதற்கும் ஒரு சண்டை தயாராகத்தான் இருந்தது, ஆனால் இன்றைக்கு அவள் சண்டை போட வரவில்லை, போட்ட சண்டைக்குப் பதில் வாங்க வந்திருக்கிறாள். விடைத்தாள் திருத்தும் முகாமின் முதல் கூட்டத்தில் முகாம் அதிகாரி உலகநாதன் சார் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் எல்லாம் கம்ப்யூட்டர் திரையில்தான் திருத்துகிறோம், கட்டைத் தூக்க வேண்டாம், பக்கத்தைப் புரட்ட வேண்டாம், கூட்டிப் போட வேண்டாம், "நீங்க உக்காந்து பாக்குறதுதானே? ஒரு நாளைக்கு நாப்பது தாள் திருத்துனவங்க இனிமே அறுபது திருத்தலாம்," என்று சொன்னபோது, கூடத்தில் இருந்த கௌரவ விரிவுரையாளர்கள் எல்லாரும் அவரவர் டிபன் பாக்ஸ் பையை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு ஜூனிலும் மறுபடி வேலைக்கு எடுப்பார்களா மாட்டார்களா என்று தெரியாதவர்கள் வேறு எப்படி உட்காருவார்கள். இவள்தான் எழுந்தாள். பாக்குறது வேலை இல்லையா சார்? பாத்துப் பாத்துத்தான் சார் தலை வெடிக்குது. மூளைக்குப் பாரம் கூடினா கண்ணு காட்டிக்கொடுத்திருமாமே, அதை அளக்குற மெஷின் இன்ஜினியரிங் காலேஜ்ல இருக்காம்ல, கொண்டாங்க சார், அளந்து பாருங்க, ஊரையெல்லாம் அளக்க வேண்டாம், என் ஒருத்தியை அளந்தா போதும். பக்கத்தில் இருந்த ஜுலைகா அக்கா மேசைக்கு அடியில் அவள் தொடையைக் கிள்ளினாள். உலகநாதன் சார் சிரித்தார், கோபப்பட்டிருந்தால் தேவலை, சிரித்தார். "சரிம்மா, செண்பகவல்லிக்கு விஞ்ஞானம் வேணுமாம். நீயே உக்காரு. பாரமில்லைன்னு மெஷின் சொல்லிட்டா அறுபதுக்கு மேல பேச்சு கிடையாது. சம்மதமா?" சம்மதம் என்றாள். யாரைக் கேட்டு? முப்பது பேருடைய கண்ணுக்கும் சேர்த்து எந்த நம்பிக்கையில் சம்மதம் சொன்னாள்?

"மொதல்ல மெஷினுக்கு உங்க கண்ணைப் பழக்கணும் மேடம். ஒரு புள்ளி போகும், அது போற எடத்துக்கெல்லாம் கண்ணாலயே போங்க." புள்ளி நடுவில் இருந்தது. வெள்ளைத் திரையில் மிளகு மாதிரி ஒரு புள்ளி. பிறகு இல்லை. எங்கே போனது என்று தேடினாள், மேலே, இடது பக்கம், கீழே, அதோ வலது மூலையில் இருக்கிறது, அங்கே கண்ணைக் கொண்டுபோய் வைத்தாள், உடனே அது மறுபடியும் இல்லை. கண்ணாமூச்சி. ஒளிந்துகொள்வதற்கு இந்த வெள்ளையில் என்ன இருக்கிறது. "கண்ணு கொஞ்சம் லேட்டா வருது மேடம், பரவால்ல, புதுசுல எல்லாருக்கும் அப்பிடித்தான்." எல்லாருக்கும் அப்படித்தான். அந்த வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மணி நாலரைகூட ஆகவில்லை, ஜன்னலுக்கு வெளியே சித்திரை வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது, தலைக்கு மேல் இரண்டு ட்யூப்லைட், இந்த வெளிச்சத்தில் எந்த மெஷினாலும் அவளிடமிருந்து எதையும் கண்டுபிடித்துவிட முடியாது, இதை யோசித்துத்தானே பகல் நேரமாகக் கேட்டு வாங்கினாள். ராத்திரிதான். ராத்திரி மட்டும்தான். பொழுது சாய்ந்த பிறகு பஸ் ஸ்டாப்பிலிருந்து ஹாஸ்டலுக்குப் போகிற அந்தக் கொஞ்ச தூரம், தியேட்டருக்குள் நுழைந்ததும் யார் மடியிலோ உட்காரப் போய் ஜுலைகா அக்கா இழுத்துப் பிடித்த அந்த ஒரு தடவை, கரண்ட் போனபோது மாடிப்படியில் கடைசிப் படி இருக்கிறதா முடிந்துவிட்டதா என்று காலால் துழாவினது, அவ்வளவுதான். கேரட் சாப்பிட்டால், முருங்கைக்கீரை சாப்பிட்டால் சரியாகிற விஷயம். மதுரையில் கண் ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கிவிட்டு அன்றைக்குத் தேர்வுக் கண்காணிப்பு வேலை வந்துவிட்டது என்று போகாமல் இருந்தது வேலை வந்ததால்தான். வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள் என்பது வேறு விஷயம். போயிருந்தால் என்ன கேட்டிருப்பார்கள், வீட்டில் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டிருப்பார்கள், அப்பாவும் அம்மாவும் சொந்தமா என்று கேட்டிருப்பார்கள். சொந்தம்தான் டாக்டர், அப்பா கட்டியிருப்பது அவருடைய அக்கா மகளை. அந்த இடத்தில் டாக்டர் பேனாவை ஒரு நொடி நிறுத்துவார். அந்த நிறுத்தத்தைப் பார்க்கத்தான் அவள் போகவில்லை. கண் தெரியவில்லை என்று தெரிந்துவிட்டால் கண்ணை வைத்துப் பிழைக்கிற வேலையில் யார் வைத்துக்கொள்வார்கள், நிரந்தரமானவர்களுக்குச் சட்டம் இருக்கிறது, கௌரவத்துக்கு என்ன இருக்கிறது.

"இப்ப மொத ரவுண்டு மேடம். இதுல வேலை ஒண்ணும் கெடையாது. நடுவுல ஒரு ப்ளஸ் இருக்கும், ரிலாக்ஸா இருங்க. அப்பப்ப மூலையில எங்கயாச்சும் ஒரு செவப்புப் புள்ளி வந்து போகும். பாத்ததும் ஸ்பேஸ் பாரைத் தட்டுங்க, அவ்வளவுதான்." ப்ளஸ் வந்தது. ரிலாக்ஸாக இருக்க வேண்டுமாம், வாழ்க்கையில் எவனாவது ரிலாக்ஸாக இரு என்று சொல்லி யாராவது இருந்திருக்கிறார்களா. அவள் ப்ளஸ்ஸை ஒரு தடவை பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். மேல் இடது மூலை, மேல் வலது மூலை, கீழ் வலது, கீழ் இடது, மறுபடி மேலே. கூட்டமான டவுன்பஸ்ஸில் முன்படிக்கும் பின்படிக்கும் நடுவே அலைகிற கண்டக்டர் மாதிரி கண் சுற்றி வந்தது. அதோ ஒன்று. தட்டினாள். கீழே ஒன்று. தட்டினாள். எவ்வளவு சுலபம், தேடுகிறவளுக்கு எது கிடைக்காமல் போகும். படிக்கட்டுல நிக்காத, உள்ள போ, உள்ள போ என்று அப்பா கத்துவார், கோவில்பட்டி டவுன்பஸ்ஸில் அய்யாத்துரை கண்டக்டர் என்றால் குரல்தான், வண்டி தெருமுனையில் வரும்போதே குரல் வீட்டுக்கு வந்துவிடும். அந்தக் குரலோடு ஒரு நாள் சாயங்காலம் பின்படியில் பாதி ஏறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்க்காமல் விசிலடித்தார். வண்டி எடுத்துவிட்டது. அந்த அம்மா விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. கண்ணு முன்னாலதானே ஏறுனேன், இங்கன நின்னுக்கிட்டுத்தானே விசிலடிச்சான் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அந்த அம்மா எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். டிப்போவில் கூப்பிட்டுக் கேட்டார்கள், குடிச்சிருந்தியா? அப்பா ஆமாம் என்றார். வலது மூலை, புள்ளி, தட்டு. அவர் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. குடித்தவனைக் கொஞ்ச நாள் வேலை நீக்கம் செய்து மறுபடி சேர்த்துக்கொள்வார்கள், கண் தெரியாதவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதை அவர் அந்த ஒரு நொடியில் யோசித்திருக்கிறார். அதன் பிறகு ஊருக்கு அவர் குடிகாரன், அம்மா குடிகாரன் பொண்டாட்டி, கதவு நிலையில் இடித்துக்கொண்டாலும் குடி, பக்கத்தில் வைத்த தண்ணிச் செம்பைக் காலால் தட்டிவிட்டாலும் குடி. ப்ளஸ் டூ படிக்கிற செண்பகவல்லி அவர் முகத்துக்கு நேரே நின்று, உங்களால எனக்குப் பள்ளிக்கூடத்துல தலை நிமிர முடியலப்பா, குடிக்கலைன்னு சத்தியம் பண்ணுங்க பாப்போம் என்று வாதாடினாள். அவர் சத்தியம் பண்ணவில்லை. அந்த வாதத்தில் அவள் ஜெயித்தாள். மேல் மூலை. இல்லை. கீழ் மூலை. தட்டு. சாயங்காலமானால் அவர் வெளியே போகும்போது, நீயும் கூடப் போ, அப்பா கையை விட்டுறாத என்று சின்ன வயசில் அம்மா அவளை அனுப்புவாள், அவளும் தொங்கிக்கொண்டு போவாள், அப்பாவுக்கு என்மேல்தான் உசிரு, கையை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறார் பார் என்று. யார் யாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று அப்போது யார் சொன்னார்கள். இப்போது அவர் டி.வி.யைக் கேட்டுக்கொண்டு நாற்காலியில் இருக்கிறார், தினம் பொழுது சாயும்போது போன் வரும், ஒரே கேள்வி, இருட்டுறதுக்குள்ள ரூமுக்கு வந்துட்டியா ம்மா. ஆம்பளப் பிள்ளையா இருந்தா இப்பிடித் தினமும் கேப்பீங்களா, எனக்கு இருபத்தொம்பது வயசாகுது, இருட்டுனா என்ன, நான் என்ன கோழியா அடையிறதுக்கு என்று தினம் ஒரு சண்டை. அவர் சரிம்மா, பாத்துக்கிடு என்று வைத்துவிடுவார். புள்ளி. தட்டினாள். இதில் ஏதோ ஒன்று இடறியது. பாத்துக்கிடு என்று மட்டும் ஏன் சொல்கிறார். எல்லாரும் சொல்வதுதானே, பாத்துப் போ, பாத்து வா, நம் ஜனங்களுக்கு வேறு வார்த்தை தெரியாது. கண் நடுவில் நின்றுவிட்டதை உணர்ந்து அவசரமாக மறுபடி மூலைகளுக்கு அனுப்பினாள்.

"சூப்பர் மேடம். கிட்டத்தட்ட எல்லாத்தையும் புடிச்சிட்டீங்க," என்று நிக்சன் சொன்னான், ஆனால் சொன்ன குரலில் ஒரு யோசனை இருந்தது, நகத்தைக் கடித்துக்கொண்டு சொல்வது போல. "இப்ப ரெண்டாவது ரவுண்டு. நீங்க வழக்கமா திருத்துற மாதிரி திருத்துங்க. கூடவே புள்ளியும் வரும், பாத்தாத் தட்டுங்க, பாக்கலைன்னா வெசனப்படாதீங்க." திரையில் ஒரு விடைத்தாள் விரிந்தது. நீல மையில் சாய்ந்த கையெழுத்து. ஜமீன்தாரி முறையின் விளைவுகளை விவரி. ஜமீன்தார் என்பவர் மிகவும் கெட்டவர் ஆவார். அவரால் விவசாயிகள் மிகவும் கஷ்டப்பட்டு வந்தனர். அவள் உதட்டுக்குள் சிரித்தாள், தாடை லேசாக ஆடியது, "மேடம்." சரி. கெட்டவர் என்பதற்கு ஒரு மார்க் போடலாம், பொய் இல்லையே. வழக்கமாக இந்த இடத்தில் தலையைத் திருப்பி வலது ஓரத்தில் இருக்கும் மார்க் கட்டத்தைப் பார்ப்பாள், இப்போது தலை கட்டிக் கிடக்கிறது, கண்ணை மட்டும் அனுப்பினாள், கண் போய்த் தேடி, கட்டத்தைக் கண்டு, மார்க்கைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது விட்ட வரி தொலைந்திருந்தது. மறுபடி வரியைத் தேடினாள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஊருக்குப் போய்த் திரும்புகிற மாதிரி. நிலவரி வசூல். வரி கட்டாதவர் நிலம் ஏலம். ஒரு மார்க், அரை மார்க். அடுத்த தாள். புள்ளி வருகிறதா? ஒன்றும் வரவில்லையே. இந்த ரவுண்டில் குறைவாக விடுகிறான் போலிருக்கிறது. கண் எரிந்தது, இமைக்கவே மறந்துபோகிறது, பின்கழுத்தில் ஒரு நரம்பு சுண்டி இழுக்கிறது, இதைத்தானே சார் சொன்னேன், நாப்பதுக்கே இப்படி, உக்காந்து பாக்குறதுதானே என்று சொன்னீர்களே, ஒரு தாள் உட்கார்ந்து பாருங்கள் சார். மூன்றாவது தாளில் எழுத்து சின்னச் சின்னதாக, பெண் கையெழுத்து, கடைசிப் பக்கத்தின் இடது ஓரத்தில், கோட்டுக்கு வெளியே, தாளைத் திருப்பி வைத்துச் செங்குத்தாக என்னவோ எழுதியிருந்தது. தற்செயலாகத்தான் கண் அங்கே போனது. மேடம் அல்லது சார், இது எனக்கு மூன்றாவது அரியர். வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். பாஸ் ஆனால் மேலே படிக்கிறேன் என்று சொல்லித் தள்ளிப்போடுவேன். தயவுசெய்து. அவ்வளவுதான் எழுதியிருந்தது, பெயர் இல்லை, பெயர் எழுதக் கூடாது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. செண்பகவல்லிக்குக் காது சூடானது. யாரடி உனக்கு மூன்று தடவையும் ஃபெயில் போட்டது என்று நினைத்தாள், பிறகு, மூன்று தடவையும் இந்த ஓரத்தில் எழுதியிருப்பாளோ என்று நினைத்தாள், பிறகு அந்த நினைப்பு போகாமல் அங்கேயே நின்றது. ஓரத்தில் எழுதினதை யார் பார்க்கிறார்கள். போன செமஸ்டரில் அவள் திருத்தின தாள் ஒன்று மறுமதிப்பீட்டுக்குப் போய், பக்கத்தின் ஓரத்தில் அம்புக்குறி போட்டு எழுதியிருந்த முக்கால் பக்க விடைக்கு மார்க்கே போடவில்லை என்று திரும்பி வந்தது. ஃபெயிலான பையன் பாஸானான். உலகநாதன் சார் கூப்பிட்டு, என்னம்மா, கண்ணு எங்க இருந்துச்சு என்று கேட்டபோது, பளு சார், பளு, நாப்பது தாளுக்கே இப்பிடின்னா அறுபதுக்கு எத்தனை பிள்ளைக பாழாப்போகும், யோசிச்சுப் பாருங்க என்று அதையே திருப்பி அவர்மேல் எறிந்தாள். எவ்வளவு நல்ல பதில். கூட்டத்திலும் அதைத்தான் சாட்சியாக வைத்துப் பேசினாள். அப்போது அது உண்மையாகத்தான் இருந்தது. பளுவால்தான் விட்டுப்போனது. பளுவால்தானே? ஜுலைகா அக்காவும் அதே நாற்பது திருத்தினாள், அவளுக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை. அவள் நிதானக்காரி, அவள் அப்படித்தான். ராத்திரி மட்டும்தான். அந்தத் தாளைத் திருத்தினது மத்தியானம். மத்தியானம் தூக்கக் கலக்கம். தூக்கம் வந்தால் நடுவரியும்தானே விட்டுப்போகும், ஓரம் மட்டும் எப்படி விட்டுப்போகும். இந்தக் கேள்வியை எதிராளி கேட்டிருந்தால் அவளிடம் பதில் இருந்திருக்கும், அவளே கேட்டுவிட்டதால் இல்லை. இந்தப் பிள்ளைக்கு மார்க் போட வேண்டும். விடையை மறுபடி முதலிலிருந்து படித்தாள், இந்தத் தடவை ஒவ்வொரு பக்கத்துக்கும் நாலு ஓரத்துக்கும் போய் வந்தாள், பாஸுக்கு வேண்டிய மார்க் விடையிலேயே இருந்தது, கருணை எதுவும் தேவைப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "முடிஞ்சிது மேடம். தலையை எடுத்துக்கலாம்."

தலையை எடுத்தபோது தாடையில் கிண்ணத்தின் விளிம்பு பதிந்து குழியாக இருந்தது. நிக்சன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான், முகமெல்லாம் பல். "மேடம், நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. சும்மா இருந்தப்ப கிட்டத்தட்ட எல்லாப் புள்ளியும் புடிச்சீங்கள்ல? திருத்த ஆரம்பிச்சதும் ஒண்ணுகூடத் தட்டல. ஒண்ணுகூட மேடம். வேலை பாரம் ஏற ஏற மனுஷனுக்கு ஓரம் சுருங்கும், நடு மட்டுந்தான் தெரியும், அதைத்தான் நாங்க அளக்குறோம். ஆனா இவ்வளவு சுருங்கி நான் பாத்ததே இல்ல." ஒன்றுகூட. வரவே இல்லை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள். எத்தனை விட்டீர்கள் என்று கேட்டாள். "மொத ரவுண்டுல விட்ட அளவுதான் மேடம்." பிறகு அவன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான். "ஒரே ஒரு சந்தேகம். மொத ரவுண்டுல உங்க கண்ணு போன பாதை இது." வெள்ளைத் திரையில் நீலக் கோடு நாலு மூலைக்கும் ஓடி ஓடி, மூலைகளில் குத்தி நின்று, மறுபடி ஓடி, கூண்டுக்குள் அலைகிற எதுவோ நகத்தால் கீறின மாதிரி இருந்தது. நடுவில் ப்ளஸ் இருந்த இடம் கிட்டத்தட்டக் காலி. "ஏன் மேடம் இப்பிடிச் சுத்திக்கிட்டே இருந்தீங்க?" புள்ளி எங்க வருதுன்னு தேட வேண்டாமா என்றாள். அவன் சிரித்தான், கேலி இல்லை, குழந்தை எதையோ தப்பாகச் சொன்னால் சிரிப்பது போல. "தேடவா? எதுக்கு மேடம் தேடணும்? எல்லாரும் நடுவுல ப்ளஸ்ஸைப் பாத்துக்கிட்டு சும்மா இருப்பாங்க. மூலையில புள்ளி வந்தா அங்க இருந்தே தெரியும்ல?"

அங்க இருந்தே தெரியும்ல. ட்யூப்லைட் இரண்டும் எரிந்துகொண்டிருந்தன, ஜன்னலில் வெயில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அங்கிருந்தே தெரியுமாம். நடுவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஓரம் தானாக வந்து தெரியுமாம், கூப்பிடாமல், தேடாமல், எல்லாருக்கும். அப்படி ஒரு உலகம் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. எல்லாரும் தன்னைப் போலத்தான் ஒவ்வொரு மூலைக்கும் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருகிறார்கள், தனக்குத்தான் சாமர்த்தியம் கொஞ்சம் போதவில்லை, கவனம் போதவில்லை என்றல்லவா இத்தனை நாளும், ஸ்டாஃப் ரூமில் வலது கைப் பக்கம் யாராவது வைத்த டீயைத் தட்டிவிட்டபோதெல்லாம், எதிரில் வந்து சிரித்தவளைப் பார்க்காமல் போனபோதெல்லாம், கர்வம் பிடித்தவள் என்று பெயர் வாங்கினபோதெல்லாம். எப்போதிலிருந்து? கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறதற்கு எப்போதிலிருந்து என்று எப்படித் தெரியும், பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எந்தக் கண் சொல்லும். ராத்திரி மட்டும் இல்லை. அவ்வளவுதான், வாதம் முடிந்தது, எதிர்வாதம் இல்லை. ஒரு மருத்துவரும் இல்லாமல், பேனா நிறுத்தாமல், வேறு எதையோ அளக்க வந்த மெஷின் சொல்லிவிட்டது, சொன்னது என்னவென்று அந்த மெஷினுக்கும் தெரியவில்லை, இந்தப் பையனுக்கும் தெரியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உலகநாதன் சார் வந்தார், கையில் பாதி கடித்த பஜ்ஜி. "என்னப்பா, நம்ம செண்பகவல்லி என்ன சொல்லுது?" கடுமையான பளு சார், அறுபதெல்லாம் வாய்ப்பே இல்லை, நாற்பதே அதிகம் என்று நிக்சன் படத்தைக் காட்டினான். அவர் குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். இதற்குத்தானே உட்கார்ந்தாள். முப்பது பேருக்காக அவள் வாயால் சொன்னபோது நம்பாததை அவள் ஒருத்தியின் வியாதியை வைத்து நம்புகிறார். பொய்ச் சாட்சி. ஆனால் சாட்சி சொல்லும் விஷயம் பொய் இல்லையே, நாற்பது அதிகம்தான், அறுபது கொடுமைதான், நல்ல கண் உள்ள ஜுலைகா அக்காவும் சாயங்காலம் தைலம் தேய்த்துக்கொண்டுதான் படுக்கிறாள். அப்படியானால் ஜுலைகா அக்காவை உட்கார வைத்து அளக்கச் சொல்ல வேண்டியதுதானே, அதுதானே நேர்மை. அளந்து பாரமில்லை என்று வந்துவிட்டால்? உன் ஒருத்தியை அளந்தா போதும்னு நீதானே சொன்னே, இப்ப ஏன் மாத்திப் பேசுறே என்று கேட்டால்? கேட்டால் சொல்லத்தான் வேண்டும், எனக்கு ஓரம் தெரியாது சார் என்று. சொன்னால் அறுபது. சொன்னால் ஜூனில் அவள் இல்லை. சொல்லாவிட்டால், திருத்தாமல் விட்டுப்போகப்போகிற ஓரங்கள். மூன்று பக்கமும் அவளே நின்று வாதாடினாள், எந்தப் பக்கமும் வாய் வரைக்கும் வரவில்லை. டிப்போவில் அப்பாவுக்கும் இவ்வளவு நேரம்தான் கொடுத்திருப்பார்கள். "நீ சொன்னதுதாம்மா சரி," என்றார் உலகநாதன் சார், பஜ்ஜியை முடித்துவிட்டு. "நாப்பதே இருக்கட்டும். நான் மேல எழுதிடுறேன். என்னம்மா, ஜெயிச்சுட்டே, ஒண்ணும் பேச மாட்டேங்கிறே?" அவள் ஒன்றுமில்லை சார் என்றாள். தேங்க்ஸ் சார் என்றாள்.

வராண்டாவில் ஜுலைகா அக்கா காத்துக்கொண்டிருந்தாள், விஷயம் அதற்குள் கீழ்த்தளம் வரைக்கும் போய்விட்டிருந்தது. "ஏட்டி செம்பா! சாதிச்சிட்டியே! ஒன் வாய்க்குப் பயந்துதான் மெஷினே ஒத்துக்கிட்டுச்சாம்ல!" என்று இடுப்பில் குத்தினாள். அந்தக் குத்து எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. வெயில் போய்விட்டிருந்தது. அவள் உள்ளே உட்கார்ந்து மறுபடி கண்மை இட்டுக்கொண்டும், இல்லாத காகிதங்களைத் தேடியும் நேரத்தைக் கடத்தியதில் வெளியே எல்லாம் சாம்பலாகியிருந்தது. பரீட்சைப் பிரிவுக் கட்டடத்து வாசல்படி ஏழோ எட்டோ, தினம் இறங்குகிற படி, எண்ணி வைத்திருந்திருக்கலாம், எண்ணவில்லை, இனிமேல் எண்ண வேண்டும். மேல்படியில் நின்றாள். கீழே வேப்பமரம் இருக்கும் இடத்தில் கறுப்பாக ஒன்று, அதற்கு அப்பால் பஸ் ஸ்டாப் விளக்கு, விளக்கு மட்டும், விளக்கைச் சுற்றி ஒன்றும் இல்லை. "நில்லுங்க அக்கா," என்றாள். "கையைக் குடுங்க." ஜுலைகா அக்கா சிரித்தாள். "ஏன், ஜெயிச்சதுல தலை சுத்துதாக்கும்?" ஆனாலும் கையைக் கொடுத்தாள், கொடுத்த பிறகு சிரிப்பை நிறுத்தினாள், ஏனென்றால் செண்பகவல்லி அந்தக் கையைப் பிடித்திருந்த பிடி அப்படி இருந்தது. "என்னளா?" ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள், தலையை ஆட்ட இப்போது தடை இல்லை. முதல் படியில் கால் வைத்தபோது பைக்குள் போன் அடித்தது. இந்த நேரத்துக்கு யாரென்று எடுத்துப் பார்க்கத் தேவையில்லை.

"இருட்டுறதுக்குள்ள ரூமுக்கு வந்துட்டியா ம்மா?"

பின்னால் டி.வி.யில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். சொல்வதற்கு வழக்கமான பதில்கள் வரிசையாக வந்து நின்றன, கோழி, ஆம்பளப் பிள்ளை, இருபத்தொம்பது வயசு. எத்தனை வருஷமாக ஒரே கேள்வியை மாற்றாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு நாளும் அவர் அவளுடைய மானத்தைக் கேட்கவில்லை, கண்ணைத்தான் கேட்டிருக்கிறார்.

"இல்லப்பா," என்றாள். "இருட்டிருச்சு."

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் நின்றது. ரிமோட்டைத் தடவி எடுத்து அணைத்திருப்பார்.

"எப்பத்துல இருந்தும்மா?"

"தெரியலப்பா."

"பக்கத்துல யாரும் இருக்காங்களா?"

"ஜுலைகா அக்கா இருக்காங்க."

"கையைப் பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன்."

"விட்டுறாத," என்றார் அப்பா.